மரம் வேண்டாம் என்கிற தெருவில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சேலம் அழகாபுரம் பக்கம் எங்கள் தெரு. ஒரு பழைய தூங்குமூஞ்சி மரமும் சில புங்க மரங்களும் நிற்கின்றன. தூங்குமூஞ்சியை வெட்டச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதி, சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகக் கன்று நடலாம் என்று நாங்கள் கேட்டால் பாதி வீடுகளில் "எங்க வாசல்ல வேண்டாம்" என்கிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு மரத்தின் மேல் அக்கறை குறைந்துவிட்டதா? இவர்களை எப்படி மாற்றுவது?

பதில்:

அக்கறை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி குகை, அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை என்று ஊர் முழுக்க வேப்பிலை வாசம்தான். வேப்ப மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிக் கும்பிடுகிற ஊர் இது. 2010-ல் சேலம் மக்கள் குழு மூக்கனேரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டது. ஊர்க்காரர்கள் சேர்ந்து நின்று செய்த வேலை அது. இன்றைக்கு அங்கே பறவை பார்க்கப் போகிறோம்.

ஆனால் மூக்கனேரி யார் வீட்டு வாசலும் இல்லை. கோயில் மரத்தின் சருகைக் கூட்டக் கோயிலில் ஆள் உண்டு. உங்கள் தெரு மரத்துக்கு அப்படி யாரும் இல்லை. "மரம் பிடிக்குமா?" என்று கேட்டால் ஒருவர்கூட இல்லை என்று சொல்ல மாட்டார். "இந்த மரத்தின் வேலையை யார் பார்ப்பது?" என்று கேட்டால்தான் முகம் மாறும். இரண்டும் வேறு வேறு கேள்வி. நீங்கள் முதல் கேள்வியைக் கேட்கிறீர்கள், அவர்கள் இரண்டாவதற்குப் பதில் சொல்கிறார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டு முன்னால் இலவசமாக மரம் நட்டுத் தர முன்வந்தது. 2011 முதல் 2014 வரை, அந்த வாய்ப்புக் கிடைத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கிறிஸ்டின் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் அந்த மக்களிடம் பேசி 2019-ல் முடிவுகளை வெளியிட்டார். மறுத்தவர்களுக்கு மரத்தின் பயன் தெரியாமல் இல்லை. முன்பு நகராட்சி கவனிக்காமல் விட்ட மரங்கள் பட்டுப்போய்க் கிளை முறிந்து விழுந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். எந்த மரம், எந்த இடம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. நட்டவர்கள் போனபின் சருகும் கிளையும் தங்கள் தலையில்தான் விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்தபோது நம்ம தெருக்களைப் பற்றி எழுதியதுபோலவே இருந்தது.

குடியிருப்போர் சங்கங்களோடு மர விஷயமாகப் பல வருடம் அலைந்ததில் நான் கேட்ட மறுப்புகளைச் சொல்கிறேன். எதையும் அற்பமாக நினைக்காதீர்கள்.

சருகு. இதுதான் முதலிடம். புங்க மரம் மாசி, பங்குனியில் மொத்தமாக இலை கொட்டும். கொஞ்ச நாளில் தளதளவென்று தளிர் விடும். அப்புறம் பொரி இறைத்ததுபோல் தெரு முழுக்கப் பூ. கண்ணுக்கு அழகுதான். ஆனால் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டியவர், கூட்டி நிமிர்வதற்குள் மறுபடி உதிர்ந்து கிடக்கும். மரம் நட வேண்டும் என்று கூட்டத்தில் பேசுகிறவர் பெரும்பாலும் ஆண். துடைப்பம் பிடிக்கிறவர் அவர் வீட்டுப் பெண், அல்லது வேலைக்கு வரும் அக்கா. அந்தக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு தெருவில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "மரம் வேணாம்னு நான் சொல்லலைங்க. கூட்டுறது யாருன்னு மட்டும் சொல்லிட்டு நடுங்க." இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது.

தூங்குமூஞ்சியில் இன்னொரு தொல்லை. அதன் காய் இனிப்பும் பசையுமாக இருக்கும். ஆடுமாடு விரும்பித் தின்னும். கார் மேல் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். சாக்கடை அடைப்பு, மதில் விரிசல், வண்டி மேல் காக்கை எச்சம், மின்கம்பியில் உரசிக் கரண்ட் போவது, கடைக்காரர் என்றால் பெயர்ப்பலகையை மரம் மறைப்பது, எல்லாமே நிஜமான சிரமங்கள். மரம் ஆக்சிஜன் தருகிறது என்பது இவற்றுக்குப் பதில் ஆகாது.

பேச வேண்டுமானால் வெயிலைப் பற்றிப் பேசுங்கள். பெங்களூரில் ஹரிணி நாகேந்திராவும் உடன் ஆய்வு செய்தவர்களும் மர நிழல் உள்ள சாலைப் பகுதிகளையும் இல்லாதவற்றையும் அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். நிழல் உள்ள இடத்தில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவாக இருந்தது. தார்ச் சாலையின் மேற்பரப்பில் வித்தியாசம் 27.5 டிகிரி வரை போனது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மேற்குப் பார்த்த சுவர் உள்ள வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்கு உடனே புரியும்.

இனி பயத்துக்கு வருகிறேன். மனுக்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். கோடை மழைக்கு முன் ஒரு சூறைக்காற்று அடிக்குமே, அதில் கிளை முறிந்து ஆள் மேல் விழுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் தெரு மரங்களை ஆபத்தானவையாக ஆக்குவதில் பாதி, நாம் அவற்றை நடத்துகிற விதம்.

மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு மரத்தை மேலே மொட்டை அடிக்கிறார்கள் என்று வையுங்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், எல்லோருக்கும் திருப்தி. இலை மொத்தமும் போனதால் மரத்துக்குச் சாப்பாடு இல்லை. அது சேமித்து வைத்ததை எல்லாம் செலவழித்து, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்து விடும். இந்தப் போத்துகள் மேல்பட்டையை ஒட்டித்தான் முளைக்கின்றன. இயல்பாக வளர்ந்த கிளையைப்போல் அடிமரத்தின் கட்டைக்குள் பிணைப்பு இவற்றுக்குக் கிடையாது. நான்கைந்து வருடத்தில் அவை கை பருமன், தொடை பருமன் ஆகிவிடும். கீழே வெட்டுவாய் வழியாக மழைநீரும் பூஞ்சையும் இறங்கி அழுகல் தொடங்கியிருக்கும். ஒரு காற்றுக்கு ஒடிந்து விழும். உடனே "பார்த்தீங்களா, ஆபத்தான மரம்" என்று அடுத்த மனு. மொட்டை அடித்ததுதான் காரணம் என்று யாரும் யோசிப்பதில்லை.

அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970-களில் ஒன்றை நிறுவினார். நம் தோலைப்போல் மரத்தின் காயம் ஆறாது. காயத்தைச் சுற்றி மரம் தடுப்பு எழுப்பி அந்தப் பகுதியை மூடிவிடும், பிறகு வெளியே புதுக் கட்டை போர்த்தும். அந்தத் தடுப்பு எழும்ப வேண்டுமானால் வெட்டு சரியான இடத்தில் இருக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு தடிப்பு தெரியும். அந்தத் தடிப்பை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், வெளிப்பக்கமாக அறுக்க வேண்டும். அடிமரத்தோடு மழுங்கச் சீவக் கூடாது, முழ நீளக் குச்சியும் விடக் கூடாது. கனமான கிளை என்றால் முதலில் ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து பாதி அறுத்து, இன்னும் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, மிச்சத்தைக் கடைசியாகத் தடிப்பருகே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை விழும்போது பட்டையையும் கிழித்துக்கொண்டு வரும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை, அந்தச் செலவு வேண்டாம். ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

கவாத்து என்றால் இதுதான். வெட்டுவது வேறு, கவாத்து வேறு என்பதை உங்கள் தெருவில் நான்கு பேருக்குக் கண்ணால் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வேருக்கு நடப்பது இதைவிட மோசம், கண்ணில் படாது என்பதால். வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன, கிளை விரிப்பையும் தாண்டிப் படர்கின்றன. அவற்றுக்குக் காற்றும் நீரும் வேண்டும். நாமோ அடிமரத்தை நெரிக்கிற மாதிரி சிமெண்ட் போடுகிறோம், பேவர் பிளாக் பதிக்கிறோம். பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை முழுக்க அறுத்துவிட்டு மண்ணை மூடிப் போகிறார்கள். மேலே மரம் பச்சையாகத்தான் நிற்கும். சில வருடம் கழித்துக் காற்றில் சாயும்போது மரத்தைக் குறை சொல்வோம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும், ஆணியடித்த பலகைகளையும் எடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. உத்தரவு வரும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மேஸ்திரியும் உளியும் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் ஒரு மரத்தடியைத் திறந்துவிடலாம். திறந்த இடத்தில் அந்த மரத்தின் சருகையே பரப்புங்கள், கூட்டித் தள்ளுவதும் குறையும். மரத்தடியில் குப்பை எரிக்கிற வழக்கத்தை மட்டும் எப்பாடு பட்டாவது நிறுத்துங்கள். ஒரு பக்கப் பட்டை வெந்துபோனால் மரம் அந்தப் பக்கமே பட்டுவிடும்.

இந்த இடத்தில் ஏற்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கண்ணெதிரே ஒரு மாற்று வழி இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து சேர்வராயன் மலையில் காபி பயிராகிறது. காபிக்கு நிழல் வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். அதனால் தோட்டங்களில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிப்பது வருடா வருடம் நடக்கிற வேலை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதற்குச் சேதம் இல்லாமல் ஏறி, வேண்டாத கிளையை மட்டும் இறக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மலையில் பட்டா நிலத்து மரத்தைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாது, அதற்கென 1955-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் அந்த மரங்கள் ஒழுங்காக நிற்பது சட்டத்தால் மட்டும் இல்லை. மரத்தைப் பேணுவது அங்கே கூலி உள்ள வேலை. கீழே நகரத்தில் மரத்தை நட விழா உண்டு, வெட்டக் கூலி உண்டு. நடுவே முப்பது, நாற்பது வருடம் அதைப் பேணுவதற்குக் கூலியும் இல்லை, ஆளும் இல்லை. மனப்பான்மை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஓட்டையிலிருந்து வருவது. உங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சிறு தொகை போட்டு, வருடத்துக்கு ஒரு முறை தொழில் தெரிந்த ஒருவரை வரவழைத்தால், பேச்சே மாறிவிடும்.

மரத்தின் பக்கம் நிற்கக்கூடிய இன்னும் சிலரை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், இளநீர் விற்கிறவர், செருப்பு தைக்கிறவர். சேலத்தில் எந்த நல்ல நிழலின் கீழும் இவர்களில் ஒருவர் இருப்பார். பகல் முழுக்க மரத்தோடு இருப்பவர்கள் அவர்கள்தான். எந்தக் கிளை கிறீச்சிடுகிறது, எவர் ராத்திரியில் வந்து தூரில் ஓட்டை போட்டுப் பெருங்காயமோ ஆசிடோ வைத்தார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும்தான். தெருவில் பாதிப் பேர் வாடகைக்காரர்களாக இருக்க, வீட்டுக்காரர்கள் மட்டும் முடிவெடுத்தால் அந்த முடிவு நிற்காது.

சரி, புதுக் கன்று. இப்போது அவசரப்படாதீர்கள். நிற்கிற மரங்களை ஒழுங்காகப் பேணிக் காட்டிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஆய்வு செய்து 1994-ல் வெளியிட்ட ஒன்று இதற்குப் பொருந்தும்: தாங்களே சேர்ந்து மரம் நட்டவர்கள், நகராட்சியோ கட்டட நிறுவனமோ நட்டுக் கொடுத்த மரத்தைப் பெற்றவர்களைவிட அந்த மரத்தில் அதிகத் திருப்தி கொண்டிருந்தார்கள். ஆகவே நாற்பது கன்று வாங்கி வந்து இறக்காதீர்கள். வீடு வீடாகப் போய், எந்த மரம், வாசலில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வேண்டாம் என்கிற வீட்டை மனத்தாங்கல் இல்லாமல் விட்டுவிடுங்கள். பத்துக் கன்று நன்றாக வளர்ந்தால் அடுத்த வருடம் அவர்களே கேட்பார்கள்.

கம்பி போகிற பக்கம் தூங்குமூஞ்சி, ஆல், அரசு வேண்டவே வேண்டாம். மந்தாரை, பவளமல்லி, சரக்கொன்றை போன்ற சின்ன உருவங்கள் போதும். கம்பி இல்லாத பக்கம் புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம். மகிழம் மெதுவாக வளரும், ஆனால் கட்டை உறுதி, நிழல் அடர்த்தி. பூவின் வாசத்துக்காகவே வீட்டுப் பெண்கள் அதை விரும்பிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். குல்மொகர் கிளை எளிதில் ஒடியும், குறுகிய தெருவுக்குச் சரிப்படாது. சீக்கிரம் பச்சையாகும் என்று நர்சரியில் கொனொகார்பஸைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அதன் தீமைகளைக் காட்டி குஜராத் 2023-ல் அதற்குத் தடை போட்டது.

சேலத்தில் பல இடங்களில் ஒன்றிரண்டு அடிக்குக் கீழே சுக்கான் கல்லும் பாறையும்தான். குழியை ஆழப்படுத்துவதைவிட அகலப்படுத்துங்கள், மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து நிரப்புங்கள். வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பக்கமாக இருக்கும் குடியிருப்புகளில் மண்ணே காரத்தன்மையோடு இருக்கும், அங்கே வேம்பும் புங்கனும் தாங்கும். தண்ணீர்தான் பெரிய சண்டை. மேட்டூர்க் குடிநீரைக் கன்றுக்கு ஊற்றினால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பது நியாயம்தான். அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம், தொடர்ந்து ஊற்ற வேண்டாம். முதல் இரண்டு மூன்று கோடைக்கு வாரம் இருமுறை நீர் போனால் போதும், அப்புறம் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். கன்று பெருத்ததும் இரும்புக் கூண்டைக் கழற்ற மறக்காதீர்கள். ஊர் முழுக்கக் கூண்டு இறுகிய மரங்களைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது.

கடைசியாக அந்தத் தூங்குமூஞ்சி மரம். பொது இடத்து மரத்தை வெட்டுவதானால் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், 2021-ல் அரசு அமைத்த ஏற்பாடு இது. அதனால் ஒரு மனு போட்ட மாத்திரத்தில் மரம் போய்விடாது. ஆனால் அந்தக் குழுவை மட்டும் நம்பி எதிர்மனு போட்டால் தெரு இரண்டாகப் பிரியும். முதலில் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். தூரில் காளான் முளைத்திருக்கிறதா, அடிமரத்தில் நீளமான பிளவு இருக்கிறதா, சமீபத்தில் சாய்ந்து ஒரு பக்க மண் மேலெழும்பியிருக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் வனத்துறையிலோ தோட்டக்கலைத் துறையிலோ தெரிந்தவரை உடனே வரவழையுங்கள். அவர் எடுத்துவிடத்தான் வேண்டும் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஓர் ஆபத்தான மரத்தைப் பிடிவாதமாகக் காப்பாற்றி அது யார் மேலாவது விழுந்தால் அந்தத் தெருவில் இனி யாரும் மரம் நட விட மாட்டார்கள். பொந்து இருக்கிறது என்பதாலேயே மரம் ஆபத்தானது ஆகிவிடாது, சுற்றிலும் தடிப்பான நல்ல கட்டை இருந்தால் பொந்துள்ள மரம் பல காலம் நிற்கும்.

மரம் நன்றாக இருந்தால், மனு எழுதியவரைத் தேடிப் போங்கள். கையெழுத்துப் போட்டவர்களை அப்புறம் பார்க்கலாம். அவர் வீட்டு மாடியிலிருந்து மரத்தைப் பாருங்கள், அவருக்கு எது பயம் என்று கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி மேல் நீண்டிருக்கும் ஒரு காய்ந்த கிளை, அல்லது அந்த மாடிக் குழாயை அடைக்கிற சருகு, அவ்வளவாகத்தான் இருக்கும். அதைத் தெருச் செலவில் முறையாக எடுத்துத் தருவதாகச் சொல்லுங்கள். பிறகு அவரோடு சேர்ந்தே மனுவைத் திருத்தி எழுதுங்கள்: வெட்டித் தர வேண்டும் என்ற இடத்தில், மரத்தை ஆய்வு செய்து, காய்ந்த கிளைகளையும் வீட்டுக் கூரைமேல் வரும் கிளைகளையும் மட்டும் கவாத்து செய்து, அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமெண்டை அகற்றித் தர வேண்டும் என்று. முதல் கையெழுத்தை அவரையே போடச் சொல்லுங்கள். மே மாதக் காற்றுக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் தை மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.